கேள்வி நேரம்: லைப்ரரி பீரியட்டில் ஜன்னலைப் பார்க்கும் பிள்ளைகள்

பள்ளி நூலகம் பற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து வைத்து ஒரே இதழில் பதில் எழுதலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் முக்கால்வாசி ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியவை. பள்ளி நூலகத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் இந்த வயதுப் பிள்ளைகள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. பதில்கள் கொஞ்சம் நீளமாகப் போனால் அதுதான் காரணம்.

*

ஏழாம் வகுப்புக்கு வாரம் ஒரு லைப்ரரி பீரியட். நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எண் கொடுக்கும் டூயி தசம வகைப்பாட்டின் பத்துப் பிரிவுகளையும் போர்டில் எழுதி, நோட்டில் எழுத வைத்து, டெஸ்ட்கூட வைத்தேன். மார்க் நன்றாகத்தான் வாங்கினார்கள். ஆனால் அலமாரிக்குப் போய் ஒரு புத்தகம் எடுத்து வா என்றால் ஒருவரும் அசைவதில்லை. பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். என்ன செய்வது? (ஓர் ஆசிரியை)

டீச்சர், நீங்கள் சொல்லிக்கொடுத்ததில் ஒரு தப்பும் இல்லை, முன்னது பின்னதாகிவிட்டது, அவ்வளவுதான். போக வேண்டிய வீடு எதுவுமே இல்லாத பிள்ளையிடம் பத்து விலாசத்தைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் ஒப்பிக்கும், அப்புறம் மறந்துவிடும். முதலில் கேள்வி வர வேண்டும். அதுவும் பிள்ளையின் சொந்தக் கேள்வி.

அடுத்த பீரியட்டில் ஆளுக்கு ஒரு துண்டுச்சீட்டு கொடுங்கள். தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஒரே ஒரு விஷயத்தை எழுதச் சொல்லுங்கள், பாடத்தில் இருந்து மட்டும் வேண்டாம். சிலர் ஒன்றுமே எழுத மாட்டார்கள். அவர்களிடம் "கடைசியாக எந்த விஷயத்துக்கு நண்பனோடு 'அப்படி இல்லை, இப்படி' என்று வாக்குவாதம் பண்ணினாய்?" என்று கேட்டுப் பாருங்கள், ஏதாவது ஒன்று நிச்சயம் வரும்.

எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஒரு பையன் எழுதிய சீட்டில் "தேளுக்குக் கண் இருக்கா?" என்று மட்டும் இருந்தது. நூலகத்தில் காலை வைப்பதே தண்டனை என்று நினைத்த பையன். கேட்டலாக்கில், அதாவது நூலகத்தின் புத்தகப் பட்டியலில், தேள் என்று தேட வைத்தேன், 595.46 என்ற எண் வந்தது, சீட்டில் எழுதிக்கொண்டு போனான். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து "சார், இல்லை" என்றான். கூடவே போனேன், ஆனால் எடுத்துக் கொடுக்கவில்லை. எங்கே தேடினாய் என்று கேட்டேன். 595.7 என்று லேபிள் ஒட்டிய பூச்சிப் புத்தகங்களில் விரலை வைத்து, அங்கிருந்து வலது பக்கமாகப் பறவைகள் இருக்கும் 598 வரைக்கும் இழுத்துக் காட்டினான். ஏன் வலது பக்கம்? "நாற்பத்தாறு ஏழைவிடப் பெரிசுதானே சார்?"

பிள்ளைகள் நூலகத்தில் தொலைந்துபோகும் இடம் பெரும்பாலும் இதுதான். கணக்குப் பாடத்தில் தசம எண்ணைச் சரியாகப் போடுகிற பிள்ளைகூடப் புத்தகத்தின் முதுகில் அதைப் பார்த்ததும் புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகப் படித்துவிடும். அவன் சீட்டிலேயே 595.46 என்பதற்குக் கீழே 595.70 என்று எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் ஒன்றும் பேசாமல் இடது பக்கம் திரும்பினான். புத்தகம் அங்கேதான் இருந்தது.

எடுத்தவுடன் முதல் பக்கத்தில் இருந்து புரட்ட ஆரம்பித்தான். கடைசிப் பக்கங்களுக்குத் திருப்பச் சொன்னேன், சொல்லடைவு இருந்தது, அதில் தேள் என்ற சொல்லுக்கு நேராக நாலு பக்க எண்கள். அதுவரை இன்டெக்ஸ் என்ற ஒன்று புத்தகத்தில் எதற்காக இருக்கிறது என்று அவனுக்கு யாரும் காட்டியதே இல்லை. தேளுக்கு முதுகின் நடுவில் ஒரு ஜோடி கண்ணும், முன் ஓரங்களில் இரண்டு முதல் ஐந்து ஜோடிகள் வரையும் இருக்கும். அத்தனை கண் இருந்தும் பார்வை மங்கல்தான், இருட்டில் இரை நடக்கும் அதிர்வைக் காலால் உணர்ந்துதான் பெரும்பாலும் பிடிக்கும். அன்று முழுக்க வகுப்பில் எல்லோரிடமும் "பன்னிரண்டு கண்டா!" என்று சொல்லிக்கொண்டே திரிந்தான். கேட்டலாக், அலமாரி வரிசை, சொல்லடைவு மூன்றும் ஒரே பீரியட்டில் முடிந்தது, மூன்றாவது வாரம் பக்கத்துப் பையனுக்கு அவனே 595.70 எழுதிக் காட்டிக்கொண்டிருந்தான்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த வயதில் நாம் சோம்பேறித்தனம், அலட்சியம் என்று பார்ப்பது நிறைய நேரம் வெட்கம்தான். இரண்டாம் வகுப்புப் பிள்ளை "எனக்குத் தெரியலை டீச்சர்" என்று சத்தமாகச் சொல்லும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நண்பர்கள் முன்னால் அதைச் சொல்வதற்குப் பதில் "போர் அடிக்குது" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்கும். அதனால்தான் எல்லோருக்கும் பிடித்த 'புதையல் வேட்டை' விளையாட்டில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. வேகமான நாலு பேர் ஓடி முடித்துவிடுவார்கள், மற்றவர்கள் அவர்கள் பின்னால் போய்ப் பார்த்து எழுதுவார்கள். வைத்தே ஆக வேண்டும் என்றால் ஜோடி ஜோடியாக, ஒவ்வொரு ஜோடிக்கும் வேறு வேறு சீட்டு கொடுங்கள், முதலில் வந்தவருக்குப் பரிசு மட்டும் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று, மொத்த வகுப்பையும் ஒரே நேரத்தில் அலமாரிக்கு அனுப்பாதீர்கள். பாதிப் பேர் தேடட்டும், பாதிப் பேர் எடுத்ததை வைத்து உட்காரட்டும். ஆளுக்கு ஒரு நீளமான அட்டைத் துண்டு கொடுத்தால் புத்தகத்தை எடுத்த இடத்தில் செருகி வைத்துக்கொள்வார்கள், திரும்ப வைக்கும்போது இடம் மாறாது. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம் போதும். பத்துப் பிரிவுகளின் பெயரை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. தனக்கு வேண்டிய எண் ஒன்றிரண்டு தெரிந்தால் பக்கத்தில் இருப்பதெல்லாம் தானாகப் பழகும். விளையாட்டுப் பைத்தியமா, 796. நாய்க்குட்டி வேண்டுமா, 636.7, அதை ஒட்டியே பூனை 636.8. டைனோசர் 567.9, மேஜிக் 793.8, பேய் 133.1. இந்த 133.1 எங்கே இருக்கிறது என்று ஒருவனுக்குக் காட்டினால் மறுநாள் வகுப்புக்கே தெரிந்துவிடும்.

*

எங்கள் பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதாதவர்களை நூலகத்துக்கு அனுப்பி உட்கார வைக்கிறார்கள், சில சமயம் அலமாரியைத் துடைக்கச் சொல்கிறார்கள். இது சரியா? (ஒரு நூலகர்)

சரியே இல்லை. தலைமை ஆசிரியரிடம் நேராகப் பேசிவிடுங்கள். தண்டனை கொடுத்த அறைக்கு எந்தப் பிள்ளையும் ஆசையாகத் திரும்பி வராது. அலமாரி அடுக்குவதை விரும்பிக் கேட்டு வாங்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் நாலைந்து பேர் இருப்பார்கள், அது அவர்களுக்குப் பெருமையான வேலையாக இருக்கட்டும்.

*

எட்டாம் வகுப்பு வந்தும் அகராதி பார்க்கத் தெரியவில்லை. உயிர் எழுத்து, மெய் எழுத்து எல்லாம் தலைகீழாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு சொல்லைத் தேடச் சொன்னால் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். (ஒரு தமிழ் ஆசிரியர்)

ஐயா, ஒப்பிப்பது ஒன்று, நடுவில் இருந்து சட்டென்று எடுப்பது வேறு. "வ-வுக்கு அடுத்தது என்ன?" என்று கேளுங்கள், பாதிப் பேர் க, ங, ச என்று முதலில் இருந்து வருவார்கள். குழப்பம் எல்லாம் அந்தக் கடைசி ஆறு எழுத்தில்தான்: ல, வ, ழ, ள, ற, ன. ண, ந, ன மூன்றும் காதுக்கு ஏறத்தாழ ஒன்றாகக் கேட்பதால் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் ண முன்னாலேயே வந்துவிடும், ந நடுவில், ன கடைசி.

ஐந்து அட்டைகளில் மண், மந்தை, மரம், மழை, மனம் என்று எழுதிக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லிப் பாருங்கள். அநேகமாக மனத்தைக் கொண்டுபோய் மண் பக்கத்தில் வைப்பார்கள். ஏன் அது மழைக்கு அப்புறம் வருகிறது என்று அவர்களே பேசிக் கண்டுபிடிக்கட்டும். அப்புறம் அகராதிப் பக்கத்தின் மேல் மூலையில் அச்சடித்திருக்கும் வழிகாட்டிச் சொற்களைக் காட்டுங்கள், அந்தப் பக்கத்தின் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் அங்கேயே இருக்கும். அதைப் பார்க்கப் பழகினாலே பாதி நேரம் மிச்சம். தமிழ்ச் சொல்லடைவுக்கும் கேட்டலாக்குக்கும் இந்த வரிசைதான் அடிப்படை என்பதால் இதற்கு ஒரு வாரம் செலவழித்தால் வீண் போகாது.

*

எங்களிடம் நூலகம் என்று தனியாக இல்லை. ஒரு பீரோவில் சுமார் 200 புத்தகங்கள், எண்ணும் கிடையாது, கேட்டலாக்கும் கிடையாது. இதை வைத்து என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? (ஓர் ஆசிரியர்)

நிறைய முடியும் சார், சொல்லப்போனால் பெரிய நூலகம் இருக்கிறவர்களால் முடியாத ஒன்று உங்களால் முடியும்: பிள்ளைகளை வைத்தே நூலகத்தை உண்டாக்கலாம்.

200 புத்தகத்தையும் தரையில் பரப்புங்கள். ஐந்தைந்து பேராகப் பிரித்து, "ஒரே மாதிரி இருப்பதைச் சேர்த்து வையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். முதலில் அட்டையின் நிறத்தையும் உயரத்தையும் பார்த்து அடுக்குவார்கள், விடுங்கள். கொஞ்ச நேரத்தில் சண்டை வரும். நாயைப் பற்றிய கதை விலங்குக் குவியலுக்கா, கதைக் குவியலுக்கா? ராஜாக்கள் வரும் நாவல் வரலாறா? ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கைக் கதை அறிவியலா? அந்தச் சண்டைதான் பாடம், தீர்ப்பு சொல்ல அவசரப்படாதீர்கள். தகவல் புத்தகம் எது, கற்பனை எது என்று அவர்களே பிரிக்க ஆரம்பித்த பிறகு மெல்வில் டூயியின் பத்துப் பிரிவுகளைக் காட்டுங்கள். அவர் 1876-ல் முதலில் வெளியிட்டபோது அது 44 பக்கச் சிறு நூல்தான், உலகம் முழுக்கப் பரவியது பின்னால். பிள்ளைகள் தாங்கள் போட்ட குவியலையும் அந்தப் பட்டியலையும் ஒப்பிட்டு "நாங்களும் இதையேதான் சார் பண்ணோம்" என்பார்கள். அந்தச் சந்தோஷம் போர்டில் எழுதிப்போட்டால் வராது.

உங்களுக்குப் புள்ளிக்குப் பின்னால் எண் எதுவும் வேண்டாம், மூன்று இலக்கம் போதும். ஒரு நீளமான நோட்டில் வரிசை எண், தலைப்பு, ஆசிரியர், பொருள், அலமாரித் தட்டு என்று கோடு போட்டு அவர்களையே எழுத வையுங்கள். முதுகில் லேபிள் ஒட்டுவதும் அவர்களே. கோணலாகத்தான் ஒட்டுவார்கள், பரவாயில்லை, தன் கையால் லேபிள் ஒட்டிய புத்தகம் இடம் மாறி இருந்தால் அந்தப் பிள்ளை சும்மா போகாது.

அடுக்கும்போது பழைய புத்தகங்கள் வரும், உடனே கழித்துவிடாதீர்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பதிப்பித்த வருடம் இருக்கும், அதைப் பார்க்க வையுங்கள். சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள் என்று சொல்லும் புத்தகம் கிடைத்தால் அது பொக்கிஷம். 2006 ஆகஸ்டில்தான் சர்வதேச வானியல் சங்கம் புளூட்டோவைக் குறுங்கோள் என்று மாற்றியது. ஒன்பது என்று சொல்லும் புத்தகத்தையும் எட்டு என்று சொல்லும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து "எது சரி, எப்படிக் கண்டுபிடிப்பாய்?" என்று கேளுங்கள். வருடத்தைப் பார்க்கும் பழக்கம் அன்றைக்கே வந்துவிடும்.

*

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. "எல்லாம் போனில் இருக்கும்மா, லைப்ரரி எதுக்கு" என்கிறான். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. (ஓர் அம்மா)

அவனோடு வாதாட வேண்டாம்மா. போனிலும் தேடத் தெரிய வேண்டும், அது நூலகத்தில் தேடும் அதே வித்தைதான். போன் ஒரு முழு வாக்கியத்தைத் தட்டினாலும் எதையாவது காட்டிவிடும், அதனால் தனக்குத் தேடத் தெரியும் என்று பிள்ளை நம்பிவிடுகிறது. நூலகக் கேட்டலாக்கில் "யானை ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும்" என்று தட்டினால் ஒன்றும் வராது. 'யானை' என்று சுருக்க வேண்டும், அதிலும் கிடைக்கவில்லையா, 'பாலூட்டிகள்' என்று விரிக்க வேண்டும். கேள்வியில் இருந்து முக்கியமான சொல்லைப் பிரித்தெடுக்கவும், சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கவும் பழகியவன் போனிலும் நன்றாகத் தேடுவான்.

இன்னொரு வேலை, வந்ததை நம்பலாமா என்று பார்ப்பது. மரத்தில் வாழும் ஆக்டோபஸைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு இணையதளம் 1998-ல் வந்தது, படம், வாழிடம், அழியும் அபாயம் என்று எல்லாம் கச்சிதமாக இருக்கும், முழுக்கக் கட்டுக்கதை. அமெரிக்காவில் கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இணையத்தை நன்றாகப் பயன்படுத்தும் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் இதைக் காட்டியபோது கிட்டத்தட்ட எல்லோரும் நம்பிவிட்டார்கள். உங்கள் மகனிடமும் காட்டிப் பாருங்கள். நம்பினால் கேலி பண்ணாதீர்கள். அந்தப் பக்கத்துக்குள்ளேயே உண்மையைத் தேடாமல் வெளியே வந்து, இதை எழுதியது யார், இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடச் சொல்லுங்கள், இரண்டு நிமிடத்தில் வெட்டவெளிச்சமாகிவிடும். அப்புறம் அவன் கேட்காமலே ஒரு நாள் நூலகத்துக்குக் கூட்டிப் போய், ஆக்டோபஸ் பற்றிய ஒரு புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.

*

என் மாணவன் எப்போதும் காமிக்ஸ்தான் எடுக்கிறான். வற்புறுத்தினால் தடிமனான ஒன்றை எடுத்துப் போய்ப் படிக்காமலே திருப்பிக் கொடுக்கிறான். (ஓர் ஆசிரியை)

காமிக்ஸ் எடுக்கட்டும் டீச்சர். 741.5 என்ற எண்ணைத் தானே தேடிப் போய் எடுக்கிறான் என்றால் நூலகத்தைப் பயன்படுத்தத் தெரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? தடிமனான புத்தகத்துக்கு ஐந்து விரல் முறையைச் சொல்லிக்கொடுங்கள்: நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும், புரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும், பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். யாரும் கவனிக்காமல் அவனே பார்த்துக்கொள்ளலாம், அதுதான் இதில் எனக்குப் பிடித்தது.

*

புராஜெக்ட் கொடுத்தால் கலைக்களஞ்சியத்தில் இருந்து பத்தி பத்தியாகக் காப்பி அடிக்கிறார்கள். (ஓர் அறிவியல் ஆசிரியர்)

"யானை பற்றி எழுதுக" என்று கொடுத்தால் காப்பி அடிக்காமல் வேறு எப்படி எழுத முடியும்? "யானை ஏன் காதை ஆட்டுகிறது, அதே வேலையை நாய் எப்படிச் செய்கிறது?" என்று கொடுங்கள். இதற்கான பதில் எந்தப் புத்தகத்திலும் ஒரே பத்தியில் இருக்காது, இரண்டு இடத்தில் படித்து அவர்களே சேர்க்க வேண்டும்.

அப்புறம் ஒரு சின்னப் பழக்கம். ஒரு பத்தி படித்ததும் விரலை உள்ளே வைத்துப் புத்தகத்தை மூடி, பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு சீட்டில் நாலைந்து சொல் மட்டும் எழுதலாம், முழு வாக்கியம் கூடாது. சீட்டின் அடியில் புத்தகத்தின் பெயர், ஆசிரியர், வருடம், பக்கம். வீட்டில் போய் அந்தச் சீட்டை மட்டும் வைத்து எழுதும்போது தன் வாக்கியம் தானாக வரும். முதல் இரண்டு முறை மோசமாகத்தான் எழுதுவார்கள், அதற்கு மார்க் குறைக்காதீர்கள்.

*

நான் ஏழாம் வகுப்பு படிக்கிறேன். எனக்குக் கனவு ஏன் வருகிறது என்று படிக்க ஆசை. நூலகரிடம் நேராகக் கேட்க வெட்கமாக இருந்ததால் "உளவியல் புத்தகம் இருக்கா" என்று கேட்டேன். பெரிய புத்தகம் ஒன்று கொடுத்தார், ஒன்றும் புரியவில்லை. மறுபடி போய்க் கேட்டால் என்னை முட்டாள் என்று நினைப்பாரோ? (ஒரு மாணவி)

இந்தக் கடிதத்தை நான் பல தடவை படித்தேன்மா. நீ செய்ததைத்தான் பெரியவர்களும் செய்கிறார்கள், மனதில் இருக்கும் சின்னக் கேள்வியை மறைத்துப் பெரிய பெயராகக் கேட்கிறார்கள். அதனால் நல்ல நூலகர் எப்போதும் "எதைப் பற்றித் தெரிய வேண்டும்?" என்று திருப்பிக் கேட்பார், அது எங்கள் வேலையில் ஒரு பகுதி. அவர் அன்று கேட்காமல் விட்டுவிட்டார் போலிருக்கிறது. எஸ். ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்து நூலகராக ஆனவர், நூலகங்களுக்காக அவர் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. உனக்காக ஐந்து நிமிடம் செலவழிப்பது உங்கள் நூலகருக்குத் தொந்தரவு இல்லை, அவர் அங்கே உட்கார்ந்திருப்பதே அதற்குத்தான்.

உன் கேள்விக்கு இரண்டு இடத்தில் பார்க்கலாம். தூக்கம், கனவு பற்றி மனதின் பக்கமாகப் பேசும் புத்தகங்கள் 154.6-ல் இருக்கும். தூங்கும்போது மூளையில் என்ன நடக்கிறது என்று உடலின் பக்கமாகச் சொல்பவை 612.8-ல். 135.3-லும் கனவுப் புத்தகங்கள் இருக்கும், ஆனால் அவை கனவுக்குப் பலன் சொல்பவை, நீ கேட்பது அது இல்லை. எடுத்ததும் கடைசிப் பக்கங்களில் 'கனவு' என்ற சொல்லைத் தேடி, அந்தப் பக்கங்களை மட்டும் படி, முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டாம்.

நேராகக் கேட்க இன்னும் வெட்கமாக இருந்தால் "கனவு ஏன் வருகிறது? என் வயதுக்குப் புரியும் புத்தகம் வேண்டும்" என்று ஒரு சீட்டில் எழுதி அவரிடம் நீட்டிவிடு. அந்தப் பெரிய புத்தகத்தையும் மறக்காமல் திருப்பிக் கொடு.